குற்றாலம் சொல்லாத வழி

திருநெல்வேலியிலிருந்து தென்காசிக்கு வருகிற இன்டர்நெட் லைன் அறுந்ததும் சுஜிதாவுக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். ஆலங்குளத்துப் பக்கம் ரோடு போடுகிற ஜேசிபி கேபிளைக் கவ்விவிட்டது என்று லைன்மேன் பெலிக்ஸ் போனில் புலம்ப, அவள் தென்காசி ஆபீசில் தனியாக உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள். சீசன் ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகல். சென்னை வேலையை விட்டுவிட்டு வந்து, அப்பாவோடு மல்லுக்கட்டி, செங்கோட்டையில் கேரளாப் பக்கத்து இரண்டாவது லைனை இழுத்துப் போட்டதே இப்படி ஒரு நாளுக்காகத்தான். ஒன்று அறுந்தால் மற்றது தாங்க வேண்டும். தாங்காவிட்டால் கம்பெனியை விற்றுவிடுவதாக அப்பா ஞானதுரை முடிவாகச் சொல்லியிருந்தார். வாங்குகிற ஆள் இன்று சாயங்காலம் வருகிறான்.

தாங்கவில்லை. ஆபீசில் இருந்த இரண்டு போன்களும் மாறி மாறி அடித்தன. தென்காசியில் ஒரு வீட்டுக்கும் நெட் இல்லை. கடைசியில் குற்றாலத்திலிருந்து அப்பாவே அவள் செல்லில் கூப்பிட்டார்.

"ஏட்டி, இங்கன எல்லா லாட்ஜுலயும் ஜோரா ஓடுது. தென்காசிக்காரன் மட்டும் ஏன் என்னை ஏசுதான்?"

சுஜிதா தென்காசி ரூட்டருக்குள் நுழைந்து பார்த்தாள். வெளியுலகத்துக்கு ஒரு வழிகூட அதற்குத் தெரியவில்லை. குற்றாலத்து ரூட்டரைப் பார்த்தாள். செங்கோட்டை சொல்லிக்கொடுத்த அத்தனை வழிகளும் அங்கே குவிந்து கிடந்தன. இரண்டுக்கும் நடுவில் சொந்தக் கேபிள், ஒரு கீறல் கிடையாது. ஒரே வீட்டுப் பிள்ளைகள், ஒன்று வாய் நிறைய சேதியை வைத்துக்கொண்டு மற்றதிடம் ஊமையாக இருந்தது.

"கம்பி நல்லாத்தான இருக்கு? செங்கோட்ட குற்றாலத்துக்குக் குடுக்கும், குற்றாலம் தென்காசிக்குக் குடுக்கும். டிவி கேபிள் காலத்துலருந்து அப்படித்தானட்டி?"

சுஜிதா நெற்றியில் அடித்துக்கொண்டாள். அப்பா போஸ்டுக்குப் போஸ்டு கேபிள் இழுத்து ஊருக்கெல்லாம் படம் காட்டியவர். அவருக்கு, முதல் வீட்டுக்கு வந்தது அடுத்த வீட்டுக்கும் தானாகப் போகும். அவர் அப்படி நினைப்பதில் தப்பில்லை. இன்ஜினியரிங் படித்த மகளும் அப்படியே நினைத்து வரைந்து வைத்ததுதான் கூத்து. லைனைப் பிடுங்கி ஒருதரம் சோதித்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். ஓடுகிற லைனில் கைவைக்க அப்பா விடவில்லை.

ஒரே கம்பெனி ரூட்டர்களுக்குள் ஒரு கட்டுப்பாடு உண்டு. வெளியாளிடம் கேட்ட வழியை வீட்டாரிடம் சொல்லலாம். வீட்டாள் ஒருத்தர் சொன்னதை இன்னொரு வீட்டாளிடம் கடத்தக் கூடாது. கடத்தினால் ஒரே பேச்சு வீட்டுக்குள்ளேயே சுற்றி, சொன்னவனிடமே புதுச்சேதியாக வந்து நிற்கும். செங்கோட்டை வெளியே கேட்டுக் குற்றாலத்திடம் சொன்னது. குற்றாலம் மரியாதையாக வாயை மூடிக்கொண்டது. தப்பு அதன்மேல் இல்லை.

"ப்பா, கண்டுபிடிச்சிட்டேன்."

"என்னத்தக் கண்டுபிடிச்ச? ஊரே ஏசுது. அந்த ஆளுக்குப் போன் போட்டு சரின்னு சொல்லிரட்டா?"

"போன வச்சிராதீங்கப்பா. அப்படியே இருங்க."

நடுவில் இருக்கிற ஒரு ரூட்டருக்கு மட்டும் விதிவிலக்குக் கொடுக்கலாம்: நீ கேட்டதை மற்றவர்களுக்கும் சொல்லலாம் என்று. குற்றாலத்து ரூட்டரில் தென்காசியின் பெயரைப் போட்டு அந்த அனுமதியை எழுதினாள். அங்கேயே செங்கோட்டைக்கும் எழுதினாள். ஒரு எழுத்துப் பிசகினால் லாட்ஜுகளும் சேர்ந்து படுத்துவிடும். இரண்டு தரம் வாசித்துவிட்டு, கர்த்தரே என்று என்டரைத் தட்டினாள்.

தென்காசியின் திரை சும்மா இருந்தது. பிறகு ஒரு வழி வந்தது. அப்புறம் வாசிக்க முடியாத வேகத்தில் வழிகள் வந்து கொட்டின. துபாய்க்கு வழி, சிங்கப்பூருக்கு வழி, அவள் பெயரே கேட்டிராத ஊர்களுக்கெல்லாம் வழி. சுஜிதா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றாள். அடித்துக்கொண்டிருந்த போன் பாதியில் நின்றது. இன்னொன்றும் நின்றது.

"ப்பா, வந்துட்டு."

மறுமுனையில் யாரோ எண்ணெய் தேய்த்துக்கொள்ளக் கூப்பிடுகிற சத்தம் கேட்டது.

"ஏட்டி, அந்த ஆளு வண்டி ஏறிட்டானாம்" என்றார் ஞானதுரை. "வரட்டும். அருவியில குளிச்சிட்டுப் போகச் சொல்லுதேன். வந்ததுக்கு அதாவது மிஞ்சட்டும்."

அவள் ஜன்னலைத் திறந்தாள். சாரல் முகத்தில் அடித்தது. எதிர்க் கடை வாசலில் வைஃபைக்காகச் செல்போனைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்திருந்தவர்கள், ஒருவர் பின் ஒருவராகக் கையை இறக்கி, நனைந்துகொண்டே திரைமேல் தலையைக் குனிந்தார்கள்.