நிலாவில் இன்னாசியின் இடம்

பகலில் துறைமுக அலுவலகத்தில் கடல் வரைபடம் வரைவேன். சாயங்காலம் ராயபுரத்து மொட்டைமாடியில், நானே செய்த தொலைநோக்கியில் பார்த்து நிலாவை வரைவேன். இரண்டுக்கும் ஒரே விதிதான்: உறுதியானதை மையால் எழுதலாம், சந்தேகமானது பென்சிலோடு நிற்க வேண்டும்.

பக்கத்து வீட்டு சிலுவையம்மாள் துணி எடுக்க மாடிக்கு வந்தவள், படத்தைக் குனிந்து பார்த்தாள்.

"இன்னாண்ணே, இவ்ளோ பள்ளம் கீது?"

"பெரிய பள்ளத்துக்கெல்லாம் பெரிய மனுஷங்க பேரு வெச்சிருக்காங்க. கறுப்பா இருக்கறதுக்குக் கடல்னு பேரு."

"பேரில்லாத பள்ளம் ஒண்ண எங்க வூட்டுக்காரருக்குக் குடேன்."

மீன்பிடிக்கப் போன அவள் கணவன் இன்னாசியின் உடல் கரை ஒதுங்கவே இல்லை. கல்லறைத் திருநாளன்று ஊரே மெழுகுவத்தி ஏற்றப் போகும்போது, அவள் கதவைச் சாத்திக்கொள்வாள். எனக்குத் தெரியும். இருந்தும் எரிச்சல்தான் வந்தது.

"இது என்ன விளையாட்டாம்மா?" என்று படத்தைச் சுருட்டிவிட்டேன்.

அந்த வருடக் கல்லறைத் திருநாளன்று அவள் மெழுகுவத்தியோடு மாடியேறி வந்தாள். வானம் முழுக்க மழை மேகம்.

"இன்னிக்கு நிலா தெரியாது, போம்மா."

"தெரியலன்னா இன்னாண்ணே? அது அங்கதான கீது. அவரு எங்க கீறாருன்னுதான் தெரியல."

படத்தை விரித்தேன். கறுப்புத் திட்டுக்குள் இருந்த ஒரு பள்ளத்தைக் காட்டினேன். அவள் தலையை ஆட்டினாள்.

"கடலுக்குள்ள வேணாண்ணே. கரையாண்ட குடு."

கரையோரமாக ஒன்றைத் தேடிப் பிடித்தேன். கை பழக்கத்தில் பென்சிலை எடுத்தது. அதை வைத்துவிட்டு மைக்கூட்டைத் திறந்தேன்.