கோழிகள் சம்மதித்த சைலன்சர்

“சீட்டு எத்தனை உசரமுங்க?”

“பின் சீட்டுங்களா? கொஞ்சம் உசரந்தான். ரெண்டு வாட்டி ஏறி எறங்குனாப் பழகிரும்.”

பெண் பார்க்க வந்த அன்று ஆட்டையாம்பட்டி வீட்டின் மொட்டை மாடியில் நடந்த பேச்சு இது. பெரியவர்கள் கீழே கேசரியும் முறுக்கும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை சிவக்குமார் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் நின்றபடி, தன்னிடம் இருந்த இத்தாலி பைக்கைப் பற்றியே பேசினான். அதன் இரட்டை சிலிண்டர், சிவப்பும் கறுப்புமான நிறம், வளைவில் அது சாய்ந்து எழும் அழகு. பேசி முடித்த பிறகுதான் நினைவு வந்தவனாய், உங்களுக்கு ஏதாவது கேட்க வேண்டுமா என்றான். சௌந்தர்யா கேட்டது அந்த ஒரே கேள்விதான். அவள் பின் சீட்டைப் பற்றிக் கேட்கவில்லை.

அவன் புரிந்துகொண்ட விதம் அவளுக்குச் சிரிப்பாக இருந்தது. கல்யாணம் ஆனதும் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள். சேலத்தில் கல்லூரிக்குப் போன நாட்களில் அண்ணனின் பைக்கை அவள்தான் அதிகம் ஓட்டினாள். அந்தக் கை, பெரிய வண்டி ஒன்றுக்காக அப்போதிருந்தே ஏங்கிக்கொண்டிருந்தது.

ஆனால் கல்யாணமான முதல் வாரமே சிவக்குமாரின் மாமன் மகன் ஒருவன் வந்து, ஒரு ரவுண்டு போய்வரச் சாவி கேட்டான். சிவக்குமார் விழுந்து விழுந்து சிரித்தான். வேறு எதை வேண்டுமானாலும் கேள், அந்தச் சாவியை மட்டும் கேட்காதே என்று அவன் முதுகில் தட்டி அனுப்பிவைத்தான். உள்ளே காபி ஆற்றிக்கொண்டிருந்த சௌந்தர்யா தன் கேள்வியை அப்படியே விழுங்கிக்கொண்டாள். அவன் மறுத்துவிடுவான் என்றுகூட அவள் பயப்படவில்லை. நல்ல மனிதன்தான். கேட்டால் சிரித்துவிடுவானோ என்றுதான் இருந்தது. அந்த ஒரு சிரிப்பை மட்டும் தாங்க முடியாது என்று தோன்றியது.

மூன்று வருடம் பின் சீட்டில் உட்கார்ந்து போய்வந்தாள்.

ராசிபுரத்திலிருந்து நாமக்கல் போகும் சாலையை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி இருந்தது அவர்கள் கோழிப்பண்ணை. நீளநீளமான ஷெட்டுகள், கூண்டு வரிசைகள், ஓரத்தில் தீவன மில், நடுவில் வீடு. மாமனார் நாச்சிமுத்துவின் உழைப்பில் எழும்பிய முட்டைப் பண்ணை. இப்போது விற்பனையைச் சிவக்குமார் பார்த்துக்கொண்டான். ஷெட்டுகளைச் சுற்றி வந்து கோழிகளின் நலம் பார்ப்பது சௌந்தர்யாவின் வேலையாகிவிட்டது.

பைக்கோடு வந்த சைலன்சரின் சத்தம் சிவக்குமாருக்குப் பிடித்ததே இல்லை. இத்தாலிக்காரன் செய்த இன்ஜின், சட்டினி அரைக்கிற மிக்ஸி மாதிரி பேசுகிறதே என்று புலம்பிக்கொண்டே இருப்பான். ஒருநாள் பெங்களூருக்குப் போய், இன்ஜினுக்கு அடியிலேயே முடிந்துவிடும் குட்டையான சைலன்சர் ஒன்றை மாட்டிக்கொண்டு வந்தான். போதாததற்குப் பழையதை அந்தக் கடையிலேயே கொடுத்துவிட்டும் வந்துவிட்டான்.

பண்ணை கேட்டுக்குள் நுழைந்து, முறுக்கியிருந்த ஆக்சிலேட்டரை விட்டான். சரவெடியைக் கொளுத்திப் போட்டது போல் படபடவென்று வெடித்தது. முன் ஷெட்டில் ஒரே நொடியில் சத்தம் அடங்கியது. அத்தனை கழுத்தும் நிமிர்ந்தன. அடுத்த நொடி கோழிகள் எல்லாம் கூண்டின் பின்பக்கத்துக்குப் பாய்ந்து ஒன்றன்மேல் ஒன்று ஏறி அலறின. மறுநாள் முட்டைக் கணக்கு இறங்கியது. வந்ததிலும் பாதி, ஓடு கட்டாத தோல் முட்டை. அட்டையில் அடுக்கும்போதே கையில் அமுங்கியது.

நாச்சிமுத்து சத்தம் போடுகிற ஆள் இல்லை. மகனைக் கூப்பிட்டு உட்காரவைத்துத்தான் பேசினார். “ஏஞ்சாமி, உனக்கு ஆசைன்னா வெச்சுக்க, வேண்டாங்கல. ஆனா அந்த வண்டி கேட்டுக்கு இந்தப் பக்கம் வரப்படாது. ஊட்டுக்குக் கொண்டுவர முடியாத வண்டி எதுக்குன்னு நீயே யோசிச்சுக்க.”

பைக் மெயின் ரோட்டில் சென்னியப்பனின் பஞ்சர் கடைக்குப் போய்த் தார்ப்பாய்க்கு அடியில் நின்றது. ஓசூர்க்காரர் ஒருவர் வாங்கிக்கொள்கிறேன் என்று தினம் போன் செய்தார். சிவக்குமார் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. சாப்பிடும்போது தட்டைப் பார்த்தே சாப்பிட்டான். சிரிப்பை எங்கோ தொலைத்துவிட்டிருந்தான்.

சௌந்தர்யாவுக்கு இரண்டு கவலை. அவன் முகத்தைப் பார்த்து வருவது ஒன்று. இன்னொன்றை யாரிடமும் சொல்ல முடியாது. வண்டி ஓசூர் போய்விட்டால், அவள் மூன்று வருடமாய் மனதுக்குள் வைத்திருக்கும் கேள்வி கேட்கப்படாமலே செத்துப்போகும்.

அந்த யோசனையோடுதான் ஒரு காலையில் ஷெட்டுக்குள் நடந்துகொண்டிருந்தாள். தீவன மில் ஓட ஆரம்பித்தது. மக்காச்சோளம் அரைபடுகிற அந்தச் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதுகூடக் கேட்காது. கோழிகளோ கொத்திக்கொண்டே இருந்தன. ஒன்றுகூடத் தலை நிமிரவில்லை. சௌந்தர்யா அப்படியே நின்றுவிட்டாள்.

அன்று மதியம் கணவனிடம் சொன்னாள். கோழிக்குச் சத்தம் பிரச்சினையில்லை. திடீரென்று வெடிப்பதுதான் பிரச்சினை. மில் மாதிரி சீராக வரும் சத்தத்தை அது கண்டுகொள்வதே இல்லை. வெடிக்காத சைலன்சராகப் பார்த்து மாட்டினால் போதும்.

“அதெப்படித் தெரியும், எது வெடிக்கும் எது வெடிக்காதுன்னு?”

“கோழிகளையே கேட்டுப்போடலாமுங்க.”

முதலில் முழித்தான். பிறகு, நாலு நாளைக்குப் பின் முதல் தடவையாக, வாயோரத்தில் லேசாகச் சிரித்தான்.

நாச்சிமுத்துவிடம் அனுமதி கேட்டவள் சௌந்தர்யாதான். மருமகள் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு அவர் கடைசி ஷெட்டைக் காட்டினார். முட்டை ஓய்ந்து, விற்பனைக்குப் போகக் காத்திருக்கும் கோழிகள் அங்கே இருந்தன. அவை மிரண்டால் நஷ்டம் குறைவு. சோதனையெல்லாம் அங்கேயே நடக்கட்டும் என்றார்.

அதே பைக்கில் விதவிதமான சைலன்சர் மாட்டி உலகமெங்கும் ஆட்கள் எடுத்துப் போட்ட வீடியோக்களைச் சிவக்குமார் இறக்கினான். ஷெட்டில் பாட்டுக்காக வைத்திருந்த ஸ்பீக்கரில் ஒவ்வொன்றாய்ப் போட்டார்கள். நீதிபதி வேலையை முட்டை பொறுக்கும் உண்ணாமலை எடுத்துக்கொண்டாள். இருபது வருடமாய்க் கோழி முகம் பார்த்தவள். கார்பன் உடம்போடு கறுகறுவென்று இருந்த ஒன்றின்மேல் சிவக்குமாருக்கு உயிர். அது ஒலித்ததும் ஷெட் முழுக்கக் கழுத்து நிமிர்ந்தது.

“இது ஆகாதுங்க. பாம்பு வந்தாப்பிடி பாக்குது பாருங்க,” என்றாள் உண்ணாமலை.

“இன்னொருக்காப் போட்டுப் பாக்கலாமா?”

“நீங்க போட்டுக்கலாமுங்க. அது நெஞ்சு வெடிச்சுச் செத்துப்போச்சுன்னா நான் பொறுப்பில்லீங்க.”

கார்பன் போயிற்று. மேல்நோக்கி வாய் திறந்த இரட்டைக் குழல் போயிற்று. பார்க்க லட்சணமாக இருந்த இன்னொன்று, ஆக்சிலேட்டரை விடும் இடத்தில் தொண்டையைச் செருமியதால் அதுவும் போயிற்று. கடைசியாக வந்தது நீளமான, முட்டை வடிவ ஸ்டீல் சைலன்சர். வாய்க்குள் சத்தத்தைக் குறைக்கும் அடைப்பு ஒன்று இருந்தது. அதன் குரல் கனமாக, அடிவயிற்றிலிருந்து வருவது போல் இருந்தது. ஏறும்போதும் இறங்கும்போதும் ஒரே சீர். கோழிகள் கொத்துவதை நிறுத்தவில்லை. சிவக்குமார் கண்ணை மூடிக் கேட்டான். தனக்கும் இதுதான் பிடித்திருக்கிறது என்று கொஞ்சம் வெட்கத்தோடு ஒப்புக்கொண்டான்.

பார்சல் வரும்வரை சௌந்தர்யா சும்மா இருக்கவில்லை. முன் ஷெட்டுகளில் தீவனம் போடும் வேளை பார்த்து அந்தச் சத்தத்தை ஸ்பீக்கரில் போட்டுவந்தாள். முதலில் மெதுவாக, பிறகு ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கூட்டி.

பார்சல் வந்த அன்று இருவரும் சென்னியப்பன் கடைக்குப் போனார்கள். குட்டைச் சைலன்சரைக் கழற்றுவது சுலபமாக இருந்தது. புதியதைப் பொருத்திப் பிடிப்பதுதான் பாடாய்ப் போயிற்று. குழாயோடு குழாயை இழுத்துப் பிடிக்கும் ஸ்பிரிங்குகள் கைக்கு அடங்கவில்லை. சௌந்தர்யா ஒரு கூண்டுக் கம்பியைக் கொக்கி போல் வளைத்து இழுத்து மாட்டினாள். இன்ஜினை ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். கீழே படுத்துக் கவனிக்க ஒருவர், மேலே உட்கார்ந்து ஆக்சிலேட்டர் கொடுக்க ஒருவர். சிவக்குமார் தரையில் சாக்கை விரித்துப் படுத்தான்.

“ஏறி உக்காந்து லேசாக் குடு, புள்ள. பதமா, பாத்து.”

அவள் முன் சீட்டில் ஏறினாள். இரண்டு கால்களும் தரையில் நன்றாகவே ஊன்றின. ஆக்சிலேட்டரைத் திருகியதும் இன்ஜினின் அதிர்வு உள்ளங்கை வழியாக ஏறித் தோள்வரை வந்தது. இப்போதே கேட்டுவிடலாமா என்று ஒரு கணம் வாய்வரை வந்துவிட்டது. ஆனால் ஆக்சிலேட்டரை விட்டதும் அடியில் பட் என்று ஒரு வெடி. மறுபடி கொடுத்து விட்டாள். மறுபடி பட். சிவக்குமாரின் முகம் விழுந்துபோயிற்று. இதுவும் வெடிக்கிறதே, ஓசூர்க்காரருக்குப் போன் போட்டுவிட வேண்டியதுதான் என்று சாக்கைவிட்டு எழுந்தான்.

சௌந்தர்யா இறங்கவில்லை. வலது கணுக்காலில் ஏதோ சூடாக ஊதுவதை அவள் கவனித்திருந்தாள். துப்பட்டாவில் ஒட்டியிருந்த கோழி இறகு ஒன்றை எடுத்துக் கொடுத்து, குழாய்கள் சேரும் இடத்தில் பிடிக்கச் சொன்னாள். இன்ஜின் ஓட ஓட இறகு படபடவென்று துடித்தது. இணைப்பில் கசிவு. அதன் வழியே வெளிக்காற்று உள்ளே புகுந்தால், எரியாமல் வரும் பெட்ரோல் ஆவி குழாய்க்குள்ளேயே வெடிக்கத்தான் செய்யும்.

“இந்த எடத்துக்கு வளையம் மாதிரி எதாச்சும் வருமுங்களா?”

சிவக்குமார் பார்சல் பெட்டியைக் கவிழ்த்தான். தெர்மோகோலுக்கு அடியில், பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல், கேஸ்கெட் வளையம் கிடந்தது. அவன் தலையில் கை வைத்துக்கொண்டான். சென்னியப்பன் பார்க்காதவர் போல் டியூபைத் தண்ணீரில் முக்கிக்கொண்டிருந்தார்.

வளையத்தை வைத்து மறுபடி மாட்டினார்கள். இறகு அசையவில்லை. ஆக்சிலேட்டரை விட்டபோது அந்தக் கனமான குரல் ஒழுங்காகப் படி இறங்கி வந்து நின்றது.

மாலைத் தீவன வேளைக்குச் சற்று முன், நாச்சிமுத்து கேட்டருகே வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார். சௌந்தர்யாவும் உண்ணாமலையும் முன் ஷெட்டுக்குள் நின்றார்கள். ஒரு கோழி மிரண்டாலும் பேச்சு முடிந்தது என்று எல்லோருக்கும் தெரியும்.

பைக் கேட்டைத் தாண்டியது. ஷெட்டை ஒட்டி வந்தது. சிவக்குமார் ஆக்சிலேட்டரை விட்டான்.

ஷெட் அமைதியாயிற்று. ஒரு கழுத்து நிமிர்ந்தது. பிறகு பத்து. பிறகு வரிசை வரிசையாய் அத்தனை கழுத்தும். ஆனால் ஒன்றுகூடப் பின்னால் பாயவில்லை. எல்லாம் முன்னால் வந்தன. கூண்டுக் கம்பிக்கு வெளியே தலையை நீட்டி, காலித் தீவனத் தொட்டியை டொக் டொக் என்று கொத்த ஆரம்பித்தன. கொக்கரிப்பில் ஷெட்டே அதிர்ந்தது.

“அம்மிணி, அதுக சோறு கேக்குதுங்க,” என்று உண்ணாமலை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

நாச்சிமுத்து உள்ளே வந்து பார்த்தார். ஷெட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்துபோய்த் திரும்பி வந்தார். “வண்டி வந்தா தீவனம் வருதுன்னு பழக்கிப்புட்டீங்களாக்கும்,” என்றார். தானே மெஷினைப் போட்டுத் தீவனத்தை ஓடவிட்டார். பிறகு மகனைப் பார்த்து, வண்டி நிறுத்தப் போர்டிகோவில் இடம் ஒழித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, மருமகள் தலையில் ஒரு தரம் கை வைத்துவிட்டுப் போனார்.

வெளியே சிவக்குமார் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு சிரித்தான். பண்ணை முழுக்கக் கேட்கும் பழைய சிரிப்பு. எல்லாம் உன்னால்தான் என்று இரண்டு மூன்று தடவை சொன்னான். எதிரே இருந்த மேட்டு நிலத்தில் வெயில் மஞ்சளாய் இறங்கிக்கொண்டிருந்தது. வண்டி இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அவன் பின் சீட்டைத் தட்டினான்.

“ஏறு. ராசிபுரம் போயி ஒரு காபி குடிச்சுட்டு வரலாம்.”

சௌந்தர்யா ஏறவில்லை. அந்தச் சிரிப்பை இப்போது பார்த்தால் அவளுக்குப் பயமே வரவில்லை. அவள்தானே அதைத் தேடிக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறாள். துப்பட்டாவை இடுப்பில் இழுத்துச் செருகினாள். அவன் கையிலிருந்த ஹெல்மெட்டை வாங்கிக்கொண்டாள்.

“நீங்க எறங்குங்க,” என்றாள். “மூணு வருசமாக் கேக்கோணும் கேக்கோணும்னு இருந்தேன். இந்த வண்டிய நான் ஓட்டோணுமுங்க. பின்னால நீங்க இல்லாம, தனியா. ராசிபுரம் வரைக்கும் போயிட்டு வாரேன். குடுப்பீங்களா?”