கெட்ட எண்ணம், சிக்கிட்

1

கோயிலில் ஒருவர், "நல்லெண்ணெய் கொண்டு வந்தீங்களா?" என்று கேட்டார். என் காதில் 'நல்லெண்ணம்' என்று விழுந்தது. "முயற்சி பண்றேங்க" என்றேன், பணிவாக. அவர் என்னைப் பார்த்த பார்வையில்தான் இந்தக் கதை பிறந்தது. இதற்கு வேறு பெருமை இல்லை.

2

மலாக்கா, காஜா பெராங். வெள்ளைக்காரர் ஆண்ட காலம். சோவென்று மழை பெய்த ஒரு மாலையில்—

(அடித்துவிட்டேன். மழையில் தொடங்கும் கதைகள் எனக்கே அலுத்துவிட்டன. ஆனால் மழை இல்லாவிட்டால் வழக்கே இல்லை. என்ன தொல்லை இது!)

சரி, மழை. பூட்டிய கடையின் வாசலில் கடைக்காரர் தாவூத் மறந்துபோன அரிக்கேன் விளக்கு, எரிந்தபடியே காற்றில் தூணோடு மோதிக்கொண்டிருந்தது. கண்ணாடி உடையுமே என்று பக்கத்து வீட்டு நாகம்மா அதைக் கழற்றித் தன் வீட்டுக்குக் கொண்டுபோனாள். மறுநாள் காலை திருப்பிக் கொடுக்கப் புறப்படுமுன் தாவூத் போலீசோடு வந்துவிட்டார். எடுத்தாயா என்றார்கள். எடுத்தேன் என்றாள்.

போலீசுக்கு அது போதும். சட்டத்துக்குப் போதாது. கை எடுத்திருக்க வேண்டும். எடுத்தபோது மனமும் கெட்டிருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் திருட்டு. (இந்த ஓரிடத்தில் சட்டம் எழுதியவரைக் கும்பிடலாம்.)

3

கோர்ட்டில் தமிழ் வழக்குகளை மொழிபெயர்ப்பவர் சவரிராயன். முதல் பிரதியில் இவரைக் கொடியவராக எழுதிக் கிழித்துப் போட்டேன். காலையிலிருந்து பதினோரு வழக்கு பார்த்த, பசித்த மனிதர். அவ்வளவுதான்.

நாகம்மா மலாக்காச் செட்டி. பெயரும் பொட்டும் தமிழ், பேச்சு மலாய். கோயில் வழியாக ஒட்டிக்கொண்ட சில தமிழ்ச் சொற்கள் உண்டு: பூ, விளக்கு, எண்ணெய்.

"பேரு நாகம்மா. தமிழ் தெரியாதா உனக்கு?"

"சிக்கிட், துவான்." கொஞ்சம், ஐயா.

"அந்தக் கொஞ்சத்துல பதில் சொல்லு. எடுத்தப்போ கெட்ட எண்ணம் இருந்துச்சா?"

விளக்கு வழக்கில் எண்ணெயைப் பற்றிக் கேட்பது அவளுக்கு நியாயமாகவே பட்டது.

"அடா, துவான். சிக்கிட்." இருந்தது. கொஞ்சம்.

சவரிராயன் பெருமூச்சு விட்டு அதை ஆங்கிலத்தில் சொன்னார். போன வாரம் கப்பலிலிருந்து இறங்கிய மாஜிஸ்திரேட் துரைக்கு மலாயும் தெரியாது, தமிழும் தெரியாது. பேனாவை மையில் தோய்த்தார்.

"மிஞ்ஞாக் சாயா காந்தி," என்றாள் நாகம்மா, இரண்டு விரலால் அளவு காட்டி. எரிந்த எண்ணெயை நானே ஊற்றித் தருகிறேன்.

சவரிராயனுக்குப் பசி நின்றுபோயிற்று. எண்ணெய்!

4

முடிவுகள்:

அ) அவர் பிழையைச் சொல்கிறார். கோர்ட்டே சிரிக்கிறது. நாகம்மா வீட்டுக்குப் போகிறாள். அவர் வேலை ஆட்டம் காண்கிறது.

ஆ) அவர் லேசாக இருமிவிட்டுச் சும்மா இருக்கிறார். நாகம்மா ஜெயிலுக்குப் போகிறாள்.

இ) தாவூத் எழுந்து— முடியாது. சாட்சி சொன்ன கையோடு அவர் கடைக்குப் போய்விட்டார். முன்பே எழுதியிருக்க வேண்டும், மறந்துவிட்டேன்.

இதுவரை சவரிராயன் செய்தது பிழை; மனம் அதில் இல்லை. இந்த நொடியிலிருந்து அவருக்குத் தெரியும். இனி வாய் மூடியிருந்தால், அந்த மௌனமே அவர் செய்த காரியம்.

"ஐயா, ஒரு பிழை" என்று அவர் வாயில் ஏழு முறை எழுதிப் பார்த்தேன். ஏழு முறையும் பேசியது நான்தான். சின்ன இரக்கங்களை நம்புகிறவன் நான். ஆனாலும் அவற்றை இன்னொருவர் வாயில் திணிக்க முடியவில்லை.

துரை தீர்ப்பின் முதல் எழுத்தை எழுதிவிட்டார். நாகம்மா இன்னும் இரண்டு விரலைக் காட்டியபடி நிற்கிறாள். வாசகரே, இப்போது உங்களுக்கும் தெரியும்.

தயவுசெய்து இருமாதீர்கள்.