அரை லிட்டர் தண்ணீர்

கையெழுத்துப் போட வேண்டிய தாளை என் மேசைமேல் வைத்த கோ யாட்-லாம், பேனாவையும் மூடி திறந்து பக்கத்தில் வைத்தான். அவ்வளவு அக்கறை. முப்பத்திரண்டு வயதுக் கட்டடக் கலைஞன், கெட்டிக்காரன், என்னை யீ அக்கா என்றுதான் கூப்பிடுவான். கவுலூனின் கிழக்கே ரயில் பணிமனைக்கு மேல் பதினொரு கோபுரங்கள் எழப் போகின்றன. அடியில் கடைகள், மீன் இறைச்சிச் சந்தை, பள்ளிக்கூடம், ஒரு முதியோர் இல்லம். இருபதாயிரம் பேர் குடியேறப் போகும் அந்தத் திட்டத்தின் அறிக்கையில் உடல்நலம் பற்றிய அத்தியாயம் என் பொறுப்பு. காற்று வர இரண்டு கோபுரங்களைத் தள்ளி வைக்கச் சொல்லிச் சண்டை போட்டேன், ஒன்றைத் தள்ளினார்கள். முதியோர் இல்லத்தைச் சந்தையின் புகைபோக்கிக்கு எதிரிலிருந்து மாற்றச் சொன்னேன்; மாற்றினார்கள். மிச்சம் இருந்தது குளியலறைத் தரையில் உள்ளங்கை அகலத்துக்கு இருக்கும் ஒரு வடிகால் ஓட்டை.

அந்த ஓட்டைக்குக் கீழே குழாய் வளைந்து போகும். வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நிற்க வேண்டும். நாற்பது மாடிக் கழிவுக்குழாயின் காற்று வீட்டுக்குள் ஏறி வராமல் தடுப்பது அந்தத் தண்ணீர் மட்டுமே. முதல் வரைபடத்தில், முகம் கழுவும் தொட்டியின் தண்ணீர் அந்த வளைவு வழியாகப் போகும்படி இருந்தது. பல் தேய்த்தாலே போதும், வளைவு நிரம்பிவிடும். புது வரைபடத்தில் அந்த இணைப்பைக் காணவில்லை. குழாய்க்கு இடம் விட்டால் கீழ்வீட்டுக் கூரை நான்கு அங்குலம் தாழும் என்று எடுத்துவிட்டார்கள். அதற்குப் பதிலாகக் குடியிருப்போர் கையேட்டில், நாற்பத்தோராம் பக்கத்தில், வாரம் ஒருமுறை அரை லிட்டர் தண்ணீர் ஊற்றவும் என்று ஒரு வரி. குடியிருப்போர் இதைக் கடைப்பிடிப்பார்கள் என்று நான் உறுதி சொல்லிக் கையெழுத்துப் போட வேண்டும்.

"ஊருக்கே தெரிஞ்ச விஷயந்தானேக்கா," என்றான் கோ. "அந்தக் காய்ச்சல் வந்த ரெண்டாயிரத்து மூணுலேர்ந்து டிவியில கத்திக்கிட்டே இருக்காங்க. ஸ்கூல் புள்ளைய கேட்டாக்கூட சொல்லும்."

"தெரியறது வேற, ஊத்தறது வேற."

"நீங்க ஊத்தறீங்கல்ல?"

"ஊத்தாம?" என்றேன், யோசிக்காமலே.

நுரையீரலைத் தாக்கும் அந்தக் காய்ச்சல் ஊரெங்கும் பரவிய இரண்டாயிரத்து மூன்றில் எனக்கு இருபத்தேழு வயது, தற்காலிகச் சுகாதார ஆய்வாளர். முகக்கவசம் போட்டுக்கொண்டு வீடு வீடாகத் துண்டறிக்கை கொடுக்கும் வேலை. ஒரு கட்டடத்தின் பதினைந்தாம் மாடியில் மோக் என்று ஒரு ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர் இருந்தார். மனைவி இல்லை, தனி ஆள். வெள்ளைப் பனியனும் கையில் துடைப்பானுமாகக் கதவைத் திறந்தார். என் வீட்டுத் தரையில் சோறு போட்டுச் சாப்பிடலாம், இங்கெல்லாம் கிருமி எட்டிப் பார்க்காது என்று பெருமையடித்தார். குளியலறையையும் காட்டினார். பளபளவென்று இருந்தது. நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு, அவர் கொடுத்த ஆரஞ்சை வாங்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனேன். பதினாறு நாளில் இறந்துபோனார். ஒரு சொட்டுத் தண்ணீர் சிந்தாமல் பிழிந்து பிழிந்து துடைத்தவர். ஓட்டைக்குள் தண்ணீர் போயே பல மாதம் ஆகியிருந்தது, கிருமி அந்த வழியாகத்தான் ஏறி வந்தது என்று அப்புறம்தான் தெரிந்தது. அழுக்கான வீடாக இருந்திருந்தால் பிழைத்திருப்பார். அந்த ஓட்டையை நான் பார்த்தேன், ஆனால் பார்க்கவில்லை. இருபது வருடம் ஆகியும் ஆரஞ்சை உரிக்கும்போது அவர் ஞாபகம் வருகிறது.

அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் அரிசியைக்கூடக் கழுவாமல் சின்னக் குளியலறைக்குப் போனேன். மகன் தாய்பேக்குப் படிக்கப் போனதிலிருந்து அதை யாரும் பயன்படுத்துவதில்லை. தரையில் ரப்பர் விரிப்பு, அதன்மேல் துணிக் கூடை. இரண்டையும் நகர்த்தினேன். முன்னோர் கல்லறையில் ஏற்றி மிஞ்சிய ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தி, காற்றை வெளியே இழுக்கும் காற்றாடியைப் போட்டுவிட்டு, ஓட்டைக்கு மேல் பிடித்தேன். நேராக எழ வேண்டிய புகை, கீழேயிருந்து யாரோ ஊதுவதுபோல் கலைந்து என் முகத்தில் அடித்தது. எனக்கு அவமானமாக இருந்தது. ஊருக்கு உபதேசம் செய்கிற என் வீட்டிலேயே வளைவு காய்ந்து கிடக்கிறது. ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றிவிட்டு ஈரத் தரையிலேயே உட்கார்ந்தேன். எழுந்திருக்கும்போது முடிவு செய்துவிட்டேன்.

மறுநாள் காலைக் கூட்டத்தில் ஆறு பேர். மேசையின் தலைப்பக்கத்தில் இயக்குநர் ஃபுங் சார். அடுத்த மாதம் முடியும் என் ஒப்பந்தத்தை நீட்டிப்பதும் விடுவதும் அவர் கையில். அது எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும்.

தாளில் கையெழுத்து இல்லாததைப் பார்த்துவிட்டு, தேநீர்க் கோப்பையை மெதுவாக இறக்கி வைத்தார். "நீங்க போடலன்னா வேற ஆள் போடுவாங்க, மிஸ் தோங்."

"போடட்டும் சார். அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன். நேத்து என் வீட்டுல பார்த்தேன். காஞ்சு கிடந்துச்சு. நானே ஊத்தல."

கோ நிமிர்ந்து பார்த்தான். யாரோ இருமினார்கள்.

எல்லோரும் வீட்டுக்கு ஒரு போன் போடுங்கள், தரை விரிப்பைத் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள் என்றேன். இரண்டு நிமிடம்தான் ஆகும். எல்லா வீட்டிலும் தண்ணீர் இருந்தால் இப்போதே கையெழுத்துப் போடுகிறேன். இது என்ன பள்ளிக்கூடமா என்று குழாய்ப் பொறியாளர் லாவ் முணுமுணுத்தார். முணுமுணுத்துக்கொண்டே முதலில் போனை எடுத்தவரும் அவர்தான். அவர் மனைவி, ஓட்டைமேல் துணி துவைக்கும் இயந்திரம் இருக்கிறது, நகர்த்த இரண்டு பேர் வேண்டும் என்று எரிந்து விழுந்தார். இன்னொருவரின் மகள், சுத்தமாகக் காய்ந்திருக்கிறது என்றாள். விற்பனைப் பிரிவுப் பெண்ணின் வீட்டில் மட்டும் தண்ணீர் இருந்தது; நாய் குளிக்கும் இடம் அது. கோ போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கூப்பிடவே வேண்டாம் அக்கா, நான் ஊற்றியதில்லை என்று தாழ்ந்த குரலில் சொன்னான்.

ஃபுங் சார் சிரித்தார். என் வீட்டில் லூஸ் என்று ஒரு பணிப்பெண் இருக்கிறாள், பன்னிரண்டு வருடமாக வேலை பார்ப்பவள், ஒரு குறை சொல்ல முடியாது என்று சொல்லி, எல்லோருக்கும் கேட்கும்படி போனை ஸ்பீக்கரில் போட்டு மேசை நடுவில், அந்தத் தாளின்மேல் வைத்தார். லூஸ் போனை எடுத்துக்கொண்டு நடக்கும் சத்தம், கதவு திறக்கும் சத்தம், ஏதோ இழுபடும் சத்தம்.

"சார், காஞ்சு கெடக்கு. தெனமும் தொடைக்கிறேனே சார், தண்ணியே படாம. நீங்கதான ஈரம் இருக்கக் கூடாதுன்னு சொன்னீங்க."

ஃபுங் சார் சிரிப்பை முகத்திலிருந்து எடுக்க மறந்துவிட்டார்.

"கொஞ்சம் தண்ணி ஊத்து, லூஸ்," என்றார்.

"எவ்வளவு சார்?"

அவர் என்னைப் பார்த்தார். நான் போனுக்கு அடியிலிருந்த தாளைப் பார்த்தேன். நாற்பத்தோராம் பக்கத்தை அவர் படித்திருக்க வேண்டும் என்ற பிடிவாதம் எனக்கு.

குழாய் திறந்தது. வாளியில் தண்ணீர் விழுந்தது. பிறகு அது ஓட்டைக்குள் கொடகொடவென்று இறங்கத் தொடங்கியது. மேசையைச் சுற்றி ஆறு பேரும் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தோம். நெடுநேரம் இறங்கியது.

"போதுமா சார்?" என்றாள் லூஸ். "இன்னும் உள்ள போய்க்கிட்டே இருக்கு."