கூட்டும் வாரம்

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மேல் வாசல் கதவைத் திறப்பதென்றால் ரோஸ்விதாவுக்கு எரிச்சலாக வரும். எதிரே சுற்றுலாக்காரர்களின் கேமராக்கள் நிற்கும். ஒருமுறை ஒருவன் சமையலறை ஜன்னலில் மூக்கை ஒட்டிவைத்துக்கொண்டு, அவள் உருளைக்கிழங்குத் தோல் சீவுவதைப் படம் பிடித்தான். அவள் கத்தியை ஆட்டிக் காட்டினாள். அதையும் பிடித்துக்கொண்டு போனான்.

தெற்கு ஜெர்மனியில், ஸ்வாபிய நாட்டுச் சிற்றூர் அது. மரச்சட்டம் தெரியக் கட்டிய பழைய வீடுகள், ஜன்னலுக்கு ஜன்னல் சிவப்புப் பூத்தொட்டி என்று தையற்காரர் சந்து அழகாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பூவுக்குத் தண்ணீர் ஊற்றுவதே ஒரு கம்பெனி. வீடுகளெல்லாம் வெளியூர்க்காரர்கள் இரண்டு ராத்திரி தங்கிப் போகும் அறைகளாகிவிட்டன. பால் பொங்கி வழிந்தால் ஓடிப்போய் அணைக்கிற ஆள் என்று சந்து முழுக்கத் தேடினாலும் ரோஸ்விதா ஒருத்திதான் மிச்சம்.

அவளையும் கிளப்பிவிடத்தான் வீட்டுக்காரன் ஃபோல்கர் அலைந்தான். பழைய வீட்டுக்காரரின் மகன். அந்த வீட்டின் ஒரு பாதியை வாடகை அறைகளாக்கி முடித்துவிட்டான். கீழே சமையலறையும் மேலே படுக்கையறையுமாக மறுபாதியில் அவள் இருந்தாள். ஊருக்கு வெளியே, லிஃப்ட் வைத்த புதுக் கட்டடத்தில் அவளுக்கு வீடு பார்த்து வைத்து, இந்தச் சனிக்கிழமைக்குள் சரி சொல்லச் சொல்லியிருந்தான்.

அன்று காலை பதில் கேட்க வந்தவன் தன் பாதியின் கதவைப் பார்த்ததும் நின்றுவிட்டான். அதில் ‘கூட்டும் வாரம்’ என்று எழுதிய சின்னப் பலகை இருந்தது. ஒரே கூரையின் கீழ் இருப்பவர்கள் வாரம் மாற்றி வாரம் படியையும் வாசலையும் கூட்டித் துடைக்க வேண்டும். யார் முறையோ அவர் கதவில் பலகை தொங்கும். சனிக்கிழமை பொழுது சாய்வதற்குள் வேலை முடிந்திருக்க வேண்டும். பழைய பலகையை ஹாம்பர்க்கிலிருந்து வந்து தங்கிய தம்பதி, ஊர் ஞாபகமாக இருக்கட்டுமென்று கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அதனால் புதுசை ரோஸ்விதா ஆணி வைத்தே அறைந்திருந்தாள்.

“இதைக் கழட்டுங்க ரோஸ்விதாம்மா. கதவெல்லாம் ஓட்டை.”

“உன் முறைதானே. கூட்டிட்டு நீயே கழட்டிக்கோ.”

“அதுக்குத்தான் திங்கக்கிழமை கம்பெனி ஆளுங்க வர்றாங்களே.”

“திங்கக்கிழமையா? உங்கப்பா கால்ல கட்டுப் போட்டுக்கிட்டு, ஒவ்வொரு படியா உக்காந்து உக்காந்து சனிக்கிழமையே துடைச்சாரு. நீ திங்கக்கிழமை ஆள் விடறியாக்கும்.”

அவன் சிரித்தான். “புது வீட்டுல படியே ஏற வேணாம். வாசல் கூட்ட ஆள் இருக்கு. வேற என்னதான் வேணும் உங்களுக்கு?”

“என் வீட்டுல நான் இருக்கணும்.”

“உங்க வீடா?”

அவளுக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. பத்திரத்தில் அவன் பெயர்தான். ஆனால் அவன் குழந்தையாக இருந்தபோது அந்த மாடிப்படியில் உருண்டு நெற்றி கிழிந்து அழுத நாளில், தூக்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடியவள் அவள். அதையா சொல்லிக்காட்டுவது? கோபத்தை அடக்கிக்கொண்டு, உள்ளே போய்த் துடைப்பத்தையும் வாளியையும் எடுத்து வந்தாள். ஆணியடித்த பலகையைப் பார்த்துக்கொண்டு குப்பையில் நிற்க அவளால் முடியாது.

இரண்டு இழுப்புக்கூட இழுத்திருக்க மாட்டாள். வழிகாட்டிப் பெண் மரைக்கே குடையைத் தூக்கிப் பிடித்தபடி சந்துக்குள் திரும்பினாள். பின்னால் வட ஜெர்மனிக்காரர்கள் ஒரு கூட்டம்.

“நீங்க குடுத்து வச்சவங்க,” என்றாள் மரைக்கே. “கூட்டும் வாரத்தை நேர்லயே பாக்கறீங்க. ஐநூறு வருஷத்து வாழ்க்கை இங்க அப்படியே நடக்குது.”

கூட்டம் கைதட்டியது. மேல்கோட்டு போட்ட பெரியவர் ஒருவர் முன்னால் வந்து வாளியில் ஒரு நாணயத்தைப் போட்டார்.

ரோஸ்விதா வாளிக்குள் கையை விட்டு அதை எடுத்தாள். ஏப்ரனில் துடைத்து அவர் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டாள்.

“வச்சுக்குங்க ஐயா. நான் வேஷம் கட்டிக்கிட்டு நிக்கல. இங்க குடியிருக்கேன்.” பிறகு துடைப்பத்தை அப்படியே ஃபோல்கர் பக்கம் நீட்டினாள். “அதோட இந்த வாரம் என் முறையும் இல்ல. வீட்டுக்காரர் முறை. பலகையைப் பாருங்க.”

எல்லாக் கேமராக்களும் அவன் பக்கம் திரும்பின. ‘உயிரோடு இருக்கும் பழைய வீடு’ என்று விளம்பரம் செய்து அறைகளை விடுகிறவன் அவன். முடியாதென்றால் அந்த முகம்தான் படத்தில் விழும். வேறு வழியில்லாமல் வாங்கிக்கொண்டான். துடைப்பம் பிடிக்கவே தெரியவில்லை. குப்பையைப் பக்கத்து வாசலுக்குத் தள்ளினான்.

“அங்க தள்ளாத. அது அடுத்தவங்க வாசல்.”

“எங்க வீட்டு ஆளும் இதே லட்சணந்தான்,” என்றாள் கூட்டத்தில் ஒருத்தி. எல்லாரும் சிரித்தார்கள்.

ஃபோல்கரின் காதுகள் சிவந்துவிட்டன. ரோஸ்விதாவின் அருகே வந்து குரலைத் தாழ்த்தினான். “இதெல்லாம் வசந்தம் வரைக்குந்தான். வெளியில சாரம் கட்டி வேலையை ஆரம்பிக்கப் போறேன். தூசியும் சத்தமும் தாங்காம நீங்களே பெட்டியைக் கட்டுவீங்க, பாருங்க.”

பக்கத்திலிருந்த மரைக்கேயின் காதிலும் அது விழுந்தது. குடையை மெல்ல இறக்கினாள்.

ரோஸ்விதா வாளியை எடுத்துக்கொண்டாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஒருவழியாக முடிந்தது என்று ஃபோல்கர் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தான்.

மேலே படுக்கையறை ஜன்னல் படாரென்று திறந்தது. பூத்தொட்டிகள் ஒவ்வொன்றாக உள்ளே போயின. அவை இருந்த இடத்தில் இறகு அடைத்த பருத்த வெள்ளைப் போர்வை ஒன்று வெளியே சரிந்து தொங்கியது. அதன் மேல் தலையணைகள். அதற்கும் மேல், துவைத்துச் சாயம் போன இரவு அங்கி. வீட்டு முகப்பில் பாதி மறைந்தே போயிற்று.

“ரோஸ்விதாம்மா, ஜனங்க படம் எடுக்கறாங்க. உள்ள எடுங்க அதை.”

அவள் போர்வையை ஓங்கி ஓங்கித் தட்டினாள். ஓரிரு இறகுகள் பறந்து இறங்கின.

“எடுக்கட்டும். இந்த வீட்டுல ஒருத்தி படுத்து எந்திரிக்கறான்னு படத்துல விழட்டும். நீ சாரத்தைக் கட்டு ஃபோல்கர். அதுமேலயே காயப்போடறேன்.”