கொசுறாக வந்த விண்டோஸ்

பெரம்பலூரில் பாத்திரக்கடை வைத்திருக்கும் பிச்சைமுத்துவுக்கு இலவசம் என்றால் இளக்காரம், கொசுறு என்றால் உயிர். இலவசம் எவனோ பார்த்துப் போடுவது. கொசுறு நாமே வாயால் பேசிப் பிடுங்குவது. அதில் ஒரு கெத்து இருக்கிறது.

மகள் மணிமொழி பாகம் பாகமாக வாங்கி, கூடத்தில் உட்கார்ந்து தானே ஒரு கம்ப்யூட்டரைப் பூட்டியிருந்தாள். வீட்டிலிருந்தே பார்க்கிற கணக்கு வேலைக்கு இன்டர்வியூ வந்திருந்தது. அது கிடைத்துவிட்டால் சென்னையில் ஹாஸ்டல் தேடி அலைய வேண்டாம். முதலில், விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கிற லினக்ஸ் ஒன்றைப் போட்டாள். கடையின் பழைய பில் பிரிண்டர் அதைக் கண்டதும் ஊமையாகிவிட்டது. வேறொரு லினக்ஸ் போட்டாள். பிரிண்டர் பேசியது, ஸ்பீக்கர் வாயடைத்துக்கொண்டது.

"சும்மா குடுக்குற சாமான் அப்பிடித்தான் இருக்கும்," என்றார் பிச்சைமுத்து. "எல்லாரும் வச்சிருக்காங்களே விண்டோஸ், அதப் போடு."

"அத காசு குடுத்து வாங்கணும்ப்பா. விடுங்க, இதையே சரிபண்ணிடுறேன்."

காசா? பழைய மானிட்டரை மாற்றி அரியலூரில் புதிது வாங்கியபோது, பில் போட்டு முடித்த கடைக்காரன் பிரேமிடம் பிச்சைமுத்து ஆரம்பித்தார். "மானிட்டர மொட்டையாவா தூக்கிட்டுப் போவாங்க? ஒரு விண்டோஸப் போட்டுக் குடுப்பா."

"அண்ணே, எங்கிட்ட இருக்கறது திருட்டுக் காப்பி."

"கொசுறுல என்னய்யா நல்லது கெட்டது?"

பிரேம் விண்டோஸை ஏற்றிக் கொடுத்த பென் டிரைவைப் பார்த்ததும் மணிமொழி வேண்டாமென்றாள். "அம்மாந்தூரம் போயி வாயாடி வாங்கியாந்திருக்கேன்" என்று அவர் முறுக்கிக்கொண்டார். மறுநாள் இன்டர்வியூ. வேறு வழியில்லாமல் போட்டாள்.

வீடியோவில் இன்டர்வியூ நடக்கும்போது பிச்சைமுத்து காபி டம்ளரோடு திரைச்சீலைக்குப் பின்னால் நின்றார். அந்தப் பக்கமிருந்த மேடம், கம்ப்யூட்டர் திரையைக் காட்டச் சொன்னார்.

"மூலையில என்னம்மா எழுத்து நிக்குது? உங்க விண்டோஸ் முறையா வாங்குனதில்லையா? எங்க கஸ்டமர் கணக்கெல்லாம் இந்த மெஷின்லதானே ஓடணும்?"

மணிமொழி அந்த மூலையிலிருந்து கண்ணை எடுத்தாள். "நான்தான் மேடம்... தெரியாம போட்டுட்டேன்."

பிச்சைமுத்துவுக்குக் காது மடல் கொதித்தது. பித்தளை அண்டாவையும் தவலையையும் வைத்துக்கொண்டு ஊரையே பேசிச் சாய்க்கிற வாய், ஒரு துணிக்குப் பின்னால் ஒட்டிக்கிடந்தது. காபியில் ஆடை படர்ந்தது. அந்தப் பக்கம் "சொல்லி அனுப்புறோம்" என்று வைத்துவிட்டார்கள்.

"காபி ஆறிடுச்சாப்பா?" என்றாள் மகள், திரும்பாமலே. திட்டியிருந்தால் பதிலுக்கு நாலு பேசியிருப்பார்.

"அந்தம்மாவத் திரும்பக் கூப்புடு."

"வேணாம்ப்பா."

"கூப்புடுங்கறன்ல."

கைலியை இறுக்கிக் கட்டிக்கொண்டு கேமரா முன்னால் உட்கார்ந்தார். தன் முகமே திரையில் தெரிந்ததும் கண் தாழ்ந்தது. "நான் இவ அப்பனுங்க. இவ வேணாம்னுதான் சொன்னா. திருட்டுன்னு தெரிஞ்சே நான்தான் கடையில கொசுறா கேட்டு வாங்குனேன். இவ எம்மேல பழி வரக்கூடாதுன்னு பொய் சொல்லிட்டா. நான் பின்னாடி நின்னு கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேங்க."

மேடம் எதையோ குறித்துக்கொண்டார். "அதக் கழட்டிட்டு முறையானது எதையாவது போட்டுக்கிட்டு நாளைக்கு வரச் சொல்லுங்க. வேலை தரேன்னு சொல்லல. பாக்குறேன், அவ்வளவுதான்."

'கொஞ்சம் பாத்துப் போட்டுக் குடுங்க' என்பது பிச்சைமுத்துவின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கினார்.

"சரிங்க," என்றார்.

முதல் பேச்சுக்கே அவர் சரி சொல்லி எந்த வியாபாரியும் கேட்டதில்லை. கேமராவை எப்படி அணைப்பதென்று தெரியாமல், முகத்தை எங்கே வைப்பதென்றும் தெரியாமல் உட்கார்ந்திருந்தார். மணிமொழிதான் கையை நீட்டி அணைத்தாள்.