மேற்குச் சுவர்

இரவு எட்டு மணிக்குத்தான் மேற்குச் சுவரின் உள்பக்கம் சுடத் தொடங்கும். அழகுபாண்டிக்கு அது தெரியும். கட்டியவன் அவன்தான்.

அன்று மத்தியானம் பேரையூரிலிருந்து மருது வந்திருந்தான். வீடு கட்டப் போகிறவன்; மாதிரிக்கு அழகுபாண்டியின் வீட்டைப் பார்க்க வந்தான். வண்டியூர் வெயிலிலிருந்து கூடத்துக்குள் நுழைந்ததும் சட்டைக் காலரைத் தளர்த்திக்கொண்டான்.

"அண்ணே, ஏசிய எங்கன ஒளிச்சு வச்சிருக்கீக?"

"சுவருதான் ஏசி. ஒரு அடி கனம். பகல் சூட்ட வாங்கித் தனக்குள்ளயே வச்சுக்கிரும். ராத்திரி சன்னலத் தொறந்துவிட்டா காத்து அதக் கொண்டுபோயிரும்."

"மேக்கு வெயிலு சும்மா விடாதே?"

"அந்தப் பக்கம் சாமான் ரூம் மட்டும். சன்னல் கெடையாது. ராத்திரியானதும் சுவரு வாங்குனத அம்புட்டையும் உள்ள கக்கும். ஆளு படுக்க முடியாது."

மூடியிருந்த அந்த அறைக்குள் இருமல் கேட்டது.

"உள்ள யாரு?"

"அப்பா. ஏதாச்சும் எடுக்கப் போயிருப்பாரு."

இடுப்பு முறிந்த பிறகு அப்பா காளை எழுந்து நடந்ததில்லை. கூடத்தில்தான் கிடந்தார். போன வாரம் வீடு பார்க்க வந்த ஒருவர் மூத்திர வாடை தாங்காமல் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பிப் போனார். அன்றைக்கே கட்டில் சாமான் அறைக்குப் போயிற்று.

மருது, வேலையை அழகுபாண்டிக்கே தருவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினான்.

எட்டு மணிக்கு மேல் ரோகிணி மாமனாருக்குச் சோறு கொண்டுபோனாள். சிமெண்ட் மூட்டைகளுக்கு நடுவே கட்டில். காளையின் உதடு வெடித்திருந்தது. டேபிள் ஃபேன் சூட்டையே சுற்றிச் சுற்றி வீசியது. சுவரில் கை வைத்துப் பார்த்தாள். காய்ச்சல்காரன் நெற்றி.

வெளியே வந்தாள். "ஏங்க, மாமாவக் கூடத்துலயே போட்ருவோம். இப்புடிக் கெடந்தா செத்துப்போயிருவாரு."

"நாளைக்கும் ஆளு வாராங்க."

"ராத்திரிக்கு மட்டும்."

"வாடை ராத்திரியோட போயிருமாக்கும்? வயசானவுகளுக்குச் சூடு நல்லதுதான்டி."

கூடத்துச் சன்னல்களை ஒவ்வொன்றாகத் திறந்துவிட்டான். தெப்பக்குளத்துப் பக்கமிருந்து காற்று வந்தது. பிறகு சாமான் அறைக் கதவைச் சாத்தப் போனான்.

காளை தலையை மட்டும் திருப்பினார்.

"அழகு, பேரையூர்க்காரருட்ட நீ சொன்னது எனக்கும் கேட்டுச்சு. ஆளு படுக்க முடியாதுன்ன. அப்ப இங்கன கெடக்குறது என்னதுப்பா?"